ஒயின் பெட்டிகளும் கூறைச்சேலையின் மறுமுனையும்

1

போன வாரம் ஜப்பானிலிருந்து ஒருவர் எங்கள் அலுவலகத்துக்குக் கோபமாக எழுதியிருந்தார். எங்களிடம் முதல்முறையாக ஒயின் வாங்கியவர். கப்பல் போய்ச் சேர்ந்து, சரக்கு கிடங்குக்கு வந்த அன்றைக்கே பெட்டியைக் கிழித்து ஒரு பாட்டிலைத் திறந்து குடித்திருக்கிறார். விமானத்தில் அனுப்பிய மாதிரி பாட்டிலில் இருந்த ருசி இதில் இல்லை, நல்லதைக் காட்டிவிட்டு வேறு எதையோ ஏற்றி அனுப்பிவிட்டீர்கள் என்பது அவருடைய புகார்.

இதற்கு எங்களிடம் பதில் தயாராக இருக்கிறது. வருஷத்துக்குப் பத்துப் பேராவது இப்படிக் கேட்பார்கள். கடல் தாண்டி வந்த ஒயினை வந்த அன்றே திறக்கக் கூடாது. ஆடி அலைந்து வந்ததில் அதன் மணமும் ருசியும் மங்கிப்போயிருக்கும். சில வாரம் இருட்டில் அசையாமல் கிடக்கவிட்டால் தானாகத் திரும்பிவிடும். மாதிரி பாட்டிலை நீங்கள் மேசைக்கடியில் ஒரு மாதம் மறந்து வைத்திருப்பீர்கள், அதனால்தான் அது ருசித்தது. இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லிக் கடிதம் எழுதுவது என் வேலை.

எழுதிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. தம்பி கல்யாணத்துக்குத் திருப்பூர் போய்விட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதைப் பற்றி இங்கே யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை. கணவர் கதிர்வேல் லாரி ஓட்டுகிறவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்குவார். மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. அவளுக்கு என் கதைகளைக் கேட்கும் வயது இன்னும் வரவில்லை, அல்லது வந்துவிட்டுப் போய்விட்டது. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

போர்ச்சுகல் நாட்டில், போர்ட்டோ நகரத்தில், டுவார்ட் என்கிற பெரியவரின் சிறிய ஏற்றுமதி அலுவலகத்தில் நான் ஷிப்பிங் வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் செய்யும் ஒயினை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறோம். திருப்பூரில் என் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் பார்த்தது இதே வேலைதான். அங்கே பெட்டிக்குள் பனியன் இருந்தது, இங்கே பாட்டில் இருக்கிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் முன்பதிவு, சீல் நம்பர் எல்லாம் அதேதான். அப்படித்தான் நம்பி வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் நாளே மானம் போயிற்று. குளிர்பதனக் கன்டெய்னரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அளவு இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. திருப்பூரில் கன்டெய்னர் லோடு ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூரை முட்ட அடுக்கி, கடைசிப் பெட்டியைத் தோளால் முட்டித் தள்ளி, கதவை இரண்டு பேர் சேர்ந்து சாத்தினால்தான் நமக்கு மனசு ஆறும். காலி இடம் என்றால் கடலுக்குக் காசு கொடுத்துக் காற்றை அனுப்புகிற மாதிரி. இன்னும் நிறையப் பெட்டி வைக்கலாமே என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் போர்ச்சுகீசில் டுவார்ட்டிடம் சொன்னேன். அவர் என்னைக் கன்டெய்னருக்குள் கூட்டிப்போய், உள்சுவரில் ஓடும் சிவப்புக் கோட்டைக் காட்டினார். அதற்கு மேல் ஒரு பெட்டி ஏறினாலும் குளிர்ந்த காற்று சுற்றி வராது. நடுவில் இருக்கும் ஒயின் வெந்துபோகும். அதோடு, இடம் தீருவதற்கு முன்னால் அனுமதித்த எடை தீர்ந்துவிடும் என்றார். பனியனில் இடம்தான் முதலில் தீரும். ஒயினில் எடை முதலில் தீர்ந்துவிடுவதால், பாதி வெறுமையாகவே கப்பல் ஏறும். அந்த வெறுமையைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது.

இன்னொரு வித்தியாசம் விமானம். நம்மூரில் சரக்கை ஏரில், அதாவது விமானத்தில், போட்டார்கள் என்றால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சொல்வார்கள். சாயப்பட்டறையில் துணி தாமதமாகி, தையல் தாமதமாகி, கப்பலைத் தவறவிட்டு, கடைசியில் சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்றினால் அந்த ஆர்டரில் சம்பாதித்தது எல்லாம் ஆகாயத்தில் போய்விடும். இங்கே விமானம் என்பது மரியாதை. பெரிய உணவகங்களுக்கு, போட்டிகளுக்கு, புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு மாதிரி பாட்டில்கள் விமானத்தில் போகும். தெர்மாகோல் அச்சுக்குள் பாட்டிலை உட்கார வைத்து, கைக்குழந்தையைத் துணியில் சுற்றுகிற கவனத்தோடு அட்டைப்பெட்டியில் இறக்குவார்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் வெளியே சொல்ல மாட்டார். எங்கள் ஊர் பொங்கலூரில் யாராவது மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், திராட்சை எக்ஸ்போர்ட் என்று சொல்லிவிடுவார். பொய் இல்லை, பாதியில் நிறுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். ஒயின் என்ற வார்த்தை எங்கள் குடும்பத்தில் என்னோடு சேர்ந்து இன்னும் ஊருக்குள் வரவில்லை.

3

தம்பி நவீனுக்கு முப்பத்து மூன்று வயது. வீரபாண்டியில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறான். கொங்கு நாட்டில் முப்பது தாண்டிய பையனுக்குப் பெண் தேடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாதகம் சுமந்து அப்பாவின் பைக் டயர் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருவழியாகச் சேவூரில் பெண் அமைந்தது. அமைந்த கையோடு தேதியும் குறித்துவிட்டார்கள். பெண் வீட்டார் மனசு மாறிவிடக் கூடாது என்கிற பயம் எங்கள் வீட்டாருக்கு. அதில் தப்பு சொல்ல முடியாது.

நவீன் எனக்குப் பத்து வயது இளையவன். அவன் இரண்டாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அப்பா காட்டில் விவசாய வேலையைப் பார்க்க, அவனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டிவருவது எல்லாம் என் மொபெட்டில்தான். சுடிதார் ஷால் பின்சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கிய பெண்களைப் பற்றி அப்போது அடிக்கடி கேள்விப்படுவோம். அவனுக்கு அது பெரிய பயம். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் ஷாலின் முனையை இழுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்வரை அந்தக் கையைத் தூக்க மாட்டான். மூக்கு ஒழுகினாலும் அடுத்த கையால்தான் துடைப்பான்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவனுடைய அக்கா அல்லது தங்கையையும் மணவறையில் நிறுத்தி, கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையின் கக்கத்தில் இடுக்கி, மறுமுனையை உடன்பிறந்தவள் கையில் கொடுப்பார்கள். புதியவள் வந்தாலும் உன் உறவு அறுந்துவிடாது என்று ஊர் முன்னால் அவளுக்குச் சொல்கிற சீர் அது. மொபெட் காலத்திலேயே எனக்கு அந்த எண்ணம் வந்துவிட்டது. இவன் கல்யாணத்தில் இவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். கடல் தாண்டி வந்தபிறகு வேறு எந்த விசேஷத்துக்கும் போக முடியாமல் போனாலும் பரவாயில்லை, இது ஒன்றுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் என் ஒரே கணக்காக இருந்தது.

தேதி குறித்தபோது என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த சமயம். கதிர்வேலுக்கும் யாழினிக்கும் முன்பே வந்துவிட்டது. என்னுடையது மட்டும் எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரியவில்லை. கைரேகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இணையதளத்தில் பார்த்தால், தயாராகிக்கொண்டிருக்கிறது என்று ஒரே வரி. அலுவலகத்துக்கு நேரில் போனால், முன்பதிவு இல்லாமல் உள்ளே விட முடியாது என்பார்கள். முன்பதிவுக்குப் போன் செய்தால் பாட்டுப் போட்டுவிடுவார்கள். பாதிப் பாட்டில் யாராவது எடுத்துவிட்டால் பதற்றத்தில் எனக்குப் போர்ச்சுகீசு மறந்துபோகும். ஆமாம் என்பதற்கு ‘ஸிம்’ என்று சொல்ல வேண்டும். நான் ‘ஸிம்ங்க, ஸிம்ங்க’ என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் இருப்பவர் பொறுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

பழைய அட்டையோடு நாட்டை விட்டு வெளியே போகலாம். திரும்பி வரும்போது விமானத்தில் ஏற்றிக்கொள்வார்களா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. நவீனிடம் சொன்னேன். அவன் திருப்பூர்க்காரன் பதிலைச் சொன்னான்.

“கெளம்பி வந்துருங்கக்கா. பேப்பர் பொறகால வருமுங்க.”

எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பிவிடும், பேப்பர் பின்னால் மெயிலில் துரத்திக்கொண்டு போகும். நான் என்ன பனியன் பெட்டியா என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் வேலையும் மகள் படிப்பும் இங்கே இருக்க, நான் திருப்பூரில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

4

இங்கேதான் என் தொழில்புத்தி வேலை செய்தது. திருப்பூரில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் மேனேஜர் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். சரக்கு தாமதமாகும் என்று தெரிந்தால் அன்றைக்கே சரக்கு வாங்குகிற பையருக்குச் சொல்லிவிடு, அவன் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளட்டும். கடைசி நாளில் சொல்கிறவனுக்கு அடுத்த ஆர்டர் கிடையாது. இருபது வருஷமாக நான் அப்படித்தான் இருக்கிறேன். டுவார்ட் இதற்கு நேர் எதிர். கப்பல் தாமதம் என்று தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டார். கப்பல் சில சமயம் சீக்கிரமும் வந்துவிடும், நீ ஏன் அவனைத் தூங்கவிடாமல் செய்கிறாய் என்பார்.

கல்யாணத்துக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கும்போதே அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். என் அட்டை வருமா என்று தெரியாது, என்னை நம்பி இருக்க வேண்டாம், இணைச்சீருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பொறுப்பாக நடந்துகொண்டதாக எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. யாழினி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வேண்டுமானால் போய் நிற்கட்டுமா, ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதானே என்றாள். முழுக்கப் போர்ச்சுகீசில்தான் கேட்டாள். அக்கா மகள் வேறு கூட்டம், அதாவது வேறு குலம், உடன்பிறந்தவள் முறை அவளுக்கு வராது என்று விளக்குவதற்கு அந்த மொழியில் என்னிடம் வார்த்தை இல்லை. முடியாது என்று மட்டும் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். கேட்டதே பெரிய விஷயம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பெரியப்பா மகள் சுமதியைக் கேட்டிருக்கிறார்கள். சுமதி பல்லடத்தில் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். கூடப் பிறந்த ஆண் கிடையாது. இரண்டும் பெண்ணாகப் போன வீடு. எத்தனையோ கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறாள், கோலம் போட்டிருக்கிறாள். இணைச்சீருக்கு நிற்கும் பாக்கியம் தனக்கு இல்லை என்று இருந்தவள். அப்பா வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டதும் அழுதுவிட்டாளாம். அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்தாள். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அக்கா, எனக்கு வாய் வரவில்லை என்று சொன்னாளே தவிர, குரலில் இருந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. நன்றாகச் செய் என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அட்டை வந்துவிட்டது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தார். மாடிப்படியிலேயே உட்கார்ந்து கிழித்தேன். புகைப்படத்தில் திருடி மாதிரி இருந்தேன். அதற்கு முத்தம் கொடுத்தேன். அப்பாவுக்குப் போன் செய்து, வர்றேனுங்கப்பா, நானே நிற்கிறேன் என்றேன்.

“வெத்தல பாக்கு வெச்சுக் கேட்டாச்சு கண்ணு,” என்றார் அப்பா. “அந்தப் புள்ள ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டுது. இப்பப் போயி வேண்டாம்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது? நீ வா சாமி. வந்து ஒக்காந்து நல்லாப் பாத்துட்டுப் போ.”

சரிங்கப்பா என்றேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அட்டை அலுவலகத்தின் மேல் கோபப்படலாம் என்றால், அவர்கள் கடைசியில் கொடுத்துவிட்டார்கள். சுமதி மேல் கோபப்படலாம் என்றால், அப்பா கேட்டதற்குத்தான் அவள் தலையாட்டினாள். மிச்சம் இருந்தது நான்தான். மறுநாள் அலுவலகத்தில் டுவார்ட்டிடம் சொன்னபோது அவர் கேட்டார், நீ ஏன் முன்னாலேயே சொன்னாய் என்று. சொன்னால்தானே மாற்று ஏற்பாடு செய்வார்கள் என்றேன். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார்.

5

போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போகாமல் இருந்தால் கோபித்துக்கொண்டாள் என்று பேசுவார்கள். அதைவிட, நவீன் கல்யாணத்தைப் போனில் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கதிர்வேலுக்கு லாரியை விட்டு வர முடியாது, யாழினிக்குக் கைப்பந்துப் போட்டி இருந்தது. தோழி வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொன்னாள். கிளம்பும்போது கட்டிப்பிடித்து, எப்போது வீட்டுக்கு வருவாய் என்று தமிழில் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழை எனக்காக எடுத்துச் செலவு செய்தாள் என்று புரிந்தது. நான்தான் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, பத்து நாளில் வந்துவிடுவேன் என்றேன்.

விமானத்தில் உட்கார்ந்ததும் என் பழைய வேலைதான் ஞாபகம் வந்தது. தேதி தவறி, சொந்தச் செலவில் ஏரில் போகிற சரக்கு. போய்ச் சேர்வதற்குள் கடையில் அந்த அலமாரியை வேறு கம்பெனிச் சட்டை நிரப்பியிருக்கும். அதற்காக அனுப்பாமல் இருக்க முடியாது.

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு நவீனே வந்திருந்தான். நாளைக்கு இணைச்சீர், நாளை மறுநாள் முகூர்த்தம், மாப்பிள்ளைக்கு ஆயிரம் வேலை இருக்கும்போது அவனே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். தலையில் முன்பக்கம் முடி கொஞ்சம் ஏறியிருந்தது. அவிநாசி வரைக்கும் ஆர்டர் பற்றி, ஆள் கிடைக்காதது பற்றி, ஹிந்திப் பையன்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வராதது பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“கோவமுங்களாக்கா?”

“இல்லடா.”

“நீங்க வரலைன்னு சொன்னப்பறம் ஒரு மாசம் யாரையுங் கேக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்க அப்பாகிட்ட. எப்படியும் வந்துருவீங்கன்னு இருந்தேன். அப்பறம் பத்திரிகை அடிக்கணும், ரவிக்கை தைக்கணும்னு…” அவன் முடிக்கவில்லை.

“உடு சாமி,” என்றேன். அதற்கு மேல் பேசினால் இருவரில் ஒருவர் அழுதிருப்போம். அவன் வண்டி வேறு ஓட்டிக்கொண்டிருந்தான்.

6

மறுநாள் சாயங்காலம் மண்டபத்தின் மாடி அறையில் சுமதி சேலை கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். அரக்கு நிறப் பட்டு. அதை நான்தான் எடுத்தேன். தேதி குறித்த புதிதில், அட்டை எப்படியும் வந்துவிடும் என்று இருந்த நாட்களில், நவீன் கடையிலிருந்து வீடியோவில் காட்ட, விரித்துக் காட்டச் சொல்லி, வெளிச்சத்தில் காட்டச் சொல்லி, கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி எடுத்த சேலை. இணைச்சீருக்கு நிற்கிறவளுக்கு மாப்பிள்ளை எடுத்துக் கொடுக்கும் சேலை அது. இப்போது ரவிக்கை சுமதி அளவுக்குத் தைத்திருந்தார்கள்.

நான் மண்டியிட்டுக் கொசுவம் மடித்துக் கொடுத்தேன். பட்டு புதுசு, நழுவிக்கொண்டே இருந்தது. சுமதி கையைத் தூக்கியபடி அசையாமல் நின்றாள். அறையில் வேறு யாரும் இல்லை.

“நீங்கதான் வந்துட்டீங்கல்லக்கா,” என்றாள். “நீங்களே நில்லுங்க. நா சித்தப்பாகிட்டச் சொல்லிக்கறனுங்க.”

தலையைத் தூக்கிப் பார்த்தேன். வாய் ஒன்று சொன்னது. கண் இரண்டும் வேறு சொன்னது. நான் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று அவளுக்கு மூச்சு நின்றிருந்தது. ஒரு வார்த்தை போதும். சேலையை அவிழ்த்துக் கொடுத்துவிடுவாள், கீழே போய் எல்லாருக்கும் இலை போடுவாள், யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அப்படிப்பட்ட பெண். அந்த ஒரு வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது என்பதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

“உனக்குக் குடுத்தது உனக்குத்தான்,” என்றேன். “முந்தானைய எடு, ஊக்குக் குத்தோணும்.”

கீழே மேளம் தொடங்கிவிட்டது. அருமைக்காரர், அதுதான் எங்கள் சடங்குகளை நடத்துகிற பெரியவர், நவீனைக் கிழக்குப் பார்த்து நிறுத்தினார். சுமதியைப் பக்கத்தில் நிறுத்தினார். நான் மேடை ஓரத்தில் ஒரு தூணை ஒட்டி நின்றேன். அங்கிருந்துதான் நன்றாகத் தெரிந்தது. கேமராக்காரப் பையன் திரும்பி, அக்கா கொஞ்சம் தள்ளிக்கங்க, ஃப்ரேம்ல வர்றீங்க என்றான். தள்ளினேன். இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினான். மேடையிலிருந்தே இறங்கிவிட்டேன்.

கூறைச்சேலையைக் கொசுவி மடித்து ஒரு முனையை நவீனிடம் நீட்டினார்கள். எந்தக் கையில், எங்கே என்று அருமைக்காரர் சொல்ல வாயைத் திறக்கும்முன்பே அவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பழகின கை. பெரியவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன அவசரம் என்று யாரோ கேலி செய்தார்கள். மறுமுனை சுமதியின் கைக்குப் போயிற்று. நவீன் நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினான். நான் இருந்த இடத்துக்கு அவன் பார்வை வரவில்லை. கேமரா விளக்கு அவன் கண்ணில் அடித்திருக்கும்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசல் பக்கம் காற்றாட வந்தேன். வாசலில் ஒரு மேசை போட்டு, போகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தவள் விழா ஏற்பாட்டுக்காரர்கள் அனுப்பிய பெண், யாழினியைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். ஒரே மாதிரி சேலை கட்டியவர்களில் ஒருத்தி. மேசையின் ஒரு பக்கம் மஞ்சள் பை அடுக்கியிருந்தது, இன்னொரு பக்கம் பச்சைப் பை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று போலிருக்கிறது. எது யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பை அச்சடிக்கக் கொடுத்த நாளில் நான் போர்ட்டோவில் ஏதோ ஒரு கன்டெய்னருக்கு சீல் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அவள் இரண்டு கைகளையும் இரண்டு அடுக்கின் மேலும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்க பொண்ணு ஊடுங்களா, மாப்பிள்ள ஊடுங்களா?”

உள்ளே மேளம் கெட்டியாக ஒலித்தது. சடங்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது சேலையை அவன் கக்கத்திலிருந்து எடுப்பார்கள்.

“வெளியூருங்க,” என்றேன்.

அவள் அதை உடனே நம்பினாள்.